கன அடி தெரிகிறது, வீதி தெரியவில்லை

காவிரியில் தண்ணீர் பெருகினால் எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான். 'மேட்டூர் வெளியேற்றம் 1.5 லட்சம் கன அடி.' கொஞ்ச நேரத்தில் '1.7 லட்சம்'. சரி, குமாரபாளையம் கலைமகள் வீதியில் தறி ஓட்டுகிறவர் இதை வைத்து என்ன செய்வார்? "ஏனுங்ணா, நம்ம வீதிக்கு வருமுங்களா?" அவருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். தறியைத் தூக்க முடியாது. மோட்டாரைக் கழற்றலாம், பாவு நூலையும் நூல் மூட்டையையும் மாடிக்கு ஏற்றலாம். அதற்கு ஆள் பிடிக்க வேண்டும். தண்ணீர் வராமல் போனால் ஒரு நாள் ஓட்டமும் போச்சு, ஏற்றுகூலியும் போச்சு. அதனால் கடைசி வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இத்தனைக்கும் காவிரி சொல்லிவிட்டு வருகிற ஆறு. கர்நாடகத்தின் கே.ஆர்.எஸ்., கபினி அணைகளில் திறப்பது தெரிகிறது. தமிழக எல்லையில், பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. 120 அடி மேட்டூர் நிரம்பிவிட்டால் வருவதெல்லாம் அப்படியே வெளியே. 2018லும் 2022லும் 2 லட்சம் கன அடியைத் தொட்டது. எந்தச் சுவரில் எதுவரை கறை ஏறியது என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் கறையையும் கன அடியையும் ஒரே பலகையில் எழுதி வைக்கப் பெரிய படிப்பா வேண்டும்?

பவானி ஆறு வேறு மாதிரி. பில்லூர் 100 அடி அணை. மலையில் அடித்துப் பெய்து 97 அடியைத் தொட்டால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். மின் உற்பத்திக்கு விடுகிற தண்ணீரோ, மழையே இல்லாத நாளிலும் மேட்டுப்பாளையத்தில் குளிப்பவர்களைச் சூழ்ந்துவிடும். அங்கே பலகையெல்லாம் உதவாது. மதகு திறக்கும்போதே ஆற்றங்கரையில் சைரன் அலற வேண்டும், யார் கையெழுத்துக்கும் காத்திராமல்.

சொன்னதும் வேலை நடக்கிற இடமும் உண்டு. கோவை பக்கம் மதுக்கரைக் காட்டு ரயில் தடத்தில் 2024 முதல் யானைகளுக்காக வெப்பக் கேமரா வைத்திருக்கிறார்கள். யானை தடத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல், அங்கிருந்து ரயில்வேக்கு, ரயில் வேகம் குறைகிறது. எல்லாரும் கேமராவைப் புகழ்கிறார்கள். எனக்குப் பிடித்தது, யார் யாருக்குச் சொல்வது, கேட்டவர் என்ன செய்வது என்று முன்னாடியே பேசி வைத்ததுதான். 'உரிய நடவடிக்கை எடுக்கவும்' என்று கடிதம் போட்டிருந்தால் ரயில் பாலக்காடே போய்ச் சேர்ந்திருக்கும்.

'கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்' என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். எந்த வீதி, எந்த மண்டபம், எத்தனை மணிக்குள்? நகராட்சி, வருவாய்த் துறை ஆட்களும் தறிக்காரர்கள் நாலு பேரும் ஆனி மாதமே உட்கார்ந்தால் ஒரு மத்தியானத்தில் எழுதி முடிக்கலாம். ஆடி நோம்பிக்குப் பவானி கூடுதுறையில் எத்தனை படி வரை ஆளை இறங்க விடுவது என்பதையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளட்டும்.