அம்மா சங்கிலியைத் தொலைக்கவில்லை

நேற்றிலிருந்து தமிழ்நாட்டுக் குற்றக் கணக்கைக் காட்டும் அந்தப் பட்டை வரைபடத்தை எத்தனையோ பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போன ஆண்டுக்கு உயரமாக ஒரு சிவப்புப் பட்டை, இந்த ஆண்டுக்குக் குட்டையாக ஒரு பச்சைப் பட்டை, மேலே கொட்டை எழுத்தில் "குற்றங்கள் குறைந்தன". அதன் கீழே நான் எழுதியது ஒரே வரி: "குறைந்தது குற்றமா, வழக்கா?" அதற்கு வாங்கிய வசவுகளை நீங்களே பார்த்தீர்கள். சரி, ஒரு வரியில் புரியாததை நீட்டியே எழுதுகிறேன்.

அரசு வெளியிடுவது நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அல்ல. காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்ட வழக்குகளின் எண்ணிக்கை. அது மாநிலக் குற்ற ஆவணக் காப்பகத்துக்குப் போய், அங்கிருந்து டெல்லியில் உள்ள தேசியக் காப்பகத்துக்குப் போகிறது. அங்கேயும் ஒரே எஃப்.ஐ.ஆரில் கொள்ளையும் கொலையும் இருந்தால் கணக்கில் ஏறுவது கொலை மட்டும்தான். குற்றம் கூடுவது வேறு, காவல்துறை வழக்குப் பதிவது கூடுவது வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள் என்று அந்தக் காப்பகமே தன் ஆண்டுத் தொகுப்பில் எச்சரிக்கிறது. எண் ஏறும்போது பொருந்துகிற எச்சரிக்கை இறங்கும்போது மட்டும் பொருந்தாதா?

2020ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டின் வழக்கு எண்ணிக்கை எகிறியது. பெரும்பகுதி ஊரடங்கை மீறியதாக, அரசு ஊழியரின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாததைக் குற்றமாக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவில் போட்டவை. நாம் எல்லாரும் ஒரே ஆண்டில் கெட்டுப்போகவில்லை, வழக்குப் போட்டார்கள், எண் ஏறியது. டெல்லியில் 2012இல் 706 ஆக இருந்த பாலியல் வன்கொடுமை வழக்குகள் 2013இல் 1,636 ஆயின. நிர்பயா கொடுமையால் நாடே கொந்தளித்த பிறகு பெண்கள் துணிந்து புகார் கொடுத்தார்கள், காவல்துறையால் தட்டிக்கழிக்க முடியவில்லை. அங்கே எண் கூடியதை நான் நல்ல மாற்றமாகவே பார்க்கிறேன்.

இப்போது அம்மா கதை. சில ஆண்டுகளுக்கு முன் காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவளின் கழுத்துச் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் ரத்தக் கோடு. நானும் அம்மாவும் நிலையத்துக்குப் போனோம். ஏட்டய்யா மரியாதையாகத்தான் பேசினார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அப்புறம் சொன்னார்: "பறிச்சதுன்னு எழுதினா கேஸு, கோர்ட்டுன்னு நீங்கதான் அலையணும்மா. தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுங்க, ரசீது தர்றேன்." அம்மா "நான் தொலைக்கலையே தம்பி" என்றாள். கடைசியில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். எழுதியது நான்தான், என் கையெழுத்துதான். சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, கிடைத்தது. எஃப்.ஐ.ஆர். இல்லை. அந்த ஆண்டின் பட்டையில் அம்மா இல்லை.

பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு 304ஆம் பிரிவில் தனிக் குற்றம். சட்டத்தில் குறையே இல்லை. "தொலைந்தது" என்று எழுத வைத்துவிட்டால் எந்தப் பிரிவும் வேலை செய்யாது, அவ்வளவுதான்.

"நீ எதிர்க்கட்சி ஆள்" என்கிறார்கள். இரண்டு கட்சி ஆட்சியிலும் இதே வரைபடம் வந்தது, இரண்டு முறையும் இதையே எழுதினேன். பழைய பதிவுகள் அங்கேயேதான் இருக்கின்றன. "உத்தரப்பிரதேசத்தைப் பார்" என்கிறார்கள். எதற்குப் பார்க்க வேண்டும்? என் அம்மா அங்கே கோலம் போடவில்லை. காவலர்களுக்கு வேலைப்பளு அதிகம் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண் கூடினால் மேலதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டும் என்கிற பயத்தையும் அந்த வேலைப்பளுவோடு சேர்த்துப் பேசுங்கள். எண்ணை விரிவாக வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள் என்பதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. எங்கள் கழுத்தில் நடந்தது எங்களுக்குத் தெரியும். வரைபடம் பார்த்துத்தான் பயப்பட வேண்டுமா?

நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் மாதம் எத்தனை புகார் மனு வந்தது, எத்தனை சி.எஸ்.ஆரோடு நின்றது, எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆனது, இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். காவல்துறைக்கு நிதி ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பிலும் போடுங்கள். தேசியக் காப்பகத்தின் தொகுப்புக்காகக் காத்திருக்க முடியாது. 2023ஆம் ஆண்டுக்கானது வந்ததே 2025 செப்டம்பர் கடைசியில்தான். மூன்று எண்ணும் சேர்ந்து இறங்கட்டும், குற்றம் குறைந்தது என்று நானே முதல் ஆளாகப் பகிர்கிறேன்.

நிலையத்து வாசலையே மிதிக்காதவர்களை அந்த மூன்று எண்ணும் காட்டாது என்பதும் தெரியும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்களே 14 சதவீதம்தான். மற்றவர்கள் எந்தப் பட்டையில் இருக்கிறார்கள்?

"ஒரு சங்கிலிக்கு இவ்வளவு பேச்சா" என்று நேற்று ஒருவர் கேட்டார். சங்கிலிக்காக அம்மா இரண்டு நாள்தான் அழுதாள். அந்த ரசீதை மட்டும் இன்னும் பீரோவில் மடித்து வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் யாராவது "சங்கிலி தொலைஞ்சுதாமே" என்று ஆரம்பித்தால் போதும், கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து, "தொலைக்கலை, பறிச்சாங்க" என்று திருத்திவிட்டுப் போகிறாள்.