கேட்க வேண்டியது இயந்திரம்தான்

நேற்று நம் இணையக் குழுவில் ஒரு பெரியவரை எல்லோரும் சேர்ந்து கேலி செய்ததைப் பார்த்தேன். வாக்குச்சீட்டில் அதிபர் வேட்பாளர் பெயரே இல்லை, மோசடி நடக்கிறது என்று அவர் எழுதியது தவறுதான். மோசடி எதுவும் இல்லை. ஆனால் "இத்தனை வருஷம் அமெரிக்காவில் இருந்தும் இது கூடத் தெரியாதா?" என்று பதில் போட்டீர்களே, அது அதைவிடப் பெரிய தவறு.

கலிஃபோர்னியாவில் கட்சி சாராதவராகப் பதிவு செய்தவருக்கு, அதிபர் பிரைமரியில், அதாவது கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில், எந்தக் கட்சியின் சீட்டும் தானாக வராது. 2024 மார்ச்சில் டெமாக்ரட், லிபர்டேரியன், அமெரிக்கன் இண்டிபெண்டண்ட் ஆகிய மூன்று கட்சிகளில் ஒன்றின் சீட்டைக் கேட்டால் கொடுத்தார்கள். ரிபப்ளிகன் சீட்டைக் கேட்டாலும் கிடைக்கவில்லை. ஆனால் செனட் போட்டிக்கு எல்லாக் கட்சிக்காரர்களின் பெயரும் எல்லோருக்கும் வரும். 2010-ல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த மாற்றம் அது. ஒரே நாள், ஒரே சீட்டு, இரண்டு விதி. இதில் குழம்பாதவர் யார்?

சாவடியில் இருக்கும் மின்னணுப் பதிவேட்டுக்கு நாம் கட்சி சாராதவர் என்று தெரியும். அதை வைத்துத்தான் நம் சீட்டு முடிவாகிறது, வாக்குப்பதிவு இயந்திரத்தின் தொடுதிரையும் அந்தச் சீட்டை மட்டும் காட்டுகிறது. அப்படியென்றால் "எந்தக் கட்சியின் அதிபர் சீட்டு வேண்டும்?" என்று ஒரு கேள்வியை அந்தத் திரையே கேட்கலாமே? விஸ்கான்சினில் கட்சிப் பதிவே கிடையாது. ஆகஸ்ட் பிரைமரியில் எந்தக் கட்சி என்று தொடுதிரை முதலில் கேட்கிறது. காகிதச் சீட்டில் இரண்டு கட்சிக்கும் குறித்துவிட்டால் ஸ்கேனர் எச்சரிக்கிறது. அங்கே இதைச் செய்ய முடிகிறது.

என் அம்மா சென்னையில் இருந்தவரை ஒரு தேர்தலையும் விட்டதில்லை. இங்கே குடியுரிமை வாங்கிய பிறகு வந்த முதல் பிரைமரிக்குப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை, திரை நேராக செனட்டில் ஆரம்பித்தது. காரில் ஏறியதும், "பைடன் பேரே வரலையே, நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேனா?" என்று கேட்டார். தப்பு உங்கள் மேல் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் அவர் நம்பவில்லை.

"எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்டு முன்கூட்டியே அஞ்சலட்டை அனுப்பினார்களே" என்பீர்கள். அனுப்பினார்கள். தேர்தல் நேரத்தில் தபால்பெட்டியில் குவியும் விளம்பரங்களுக்கு நடுவே அது எத்தனை பேர் கண்ணில் படும்? "கட்சியில் சேர்ந்துவிட வேண்டியதுதானே" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. தன் வேட்பாளராக யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது கட்சியின் உரிமை என்று சொல்பவர்களை மட்டும் ஏற்கிறேன். 2000-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. சரி, கட்சிகள் தங்கள் பிரைமரியை வெளியாட்களுக்கு மூடி வைக்கட்டும். மூடியிருக்கிறது என்பதையாவது திரை சொல்லட்டும்.

2008 பிரைமரியில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் கட்சி சாராதவர்கள் எந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறோம் என்று காட்ட வாக்குச்சீட்டில் இன்னொரு வட்டத்தையும் நிரப்ப வேண்டியிருந்தது. இரண்டு கட்சி வேட்பாளர்களுக்கும் ஒரே எண்ணுள்ள வட்டங்கள், அதனால் அதை நிரப்பாதவரின் வாக்கு யாருக்கு என்று இயந்திரத்துக்குத் தெரியவில்லை. முதல் எண்ணிக்கையில் சுமார் 50,000 அதிபர் வாக்குகள் சேரவில்லை. அந்த 50,000 பேரும் விவரம் தெரியாதவர்களா? அவர்களையும் குழுவில் சேர்த்துக் கேலி செய்வீர்களா?

சின்ன விஷயத்துக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்டு ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். நவம்பர் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட வரமாட்டேன் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார். உங்களுக்கு அது சின்ன விஷயமாக இருக்கலாம், எனக்கு இல்லை.