என் ஓட்டு இப்போலித்துக்கே

ரஷ்யாவில் டிசம்பர் 31 வந்துவிட்டால் தொலைக்காட்சியில் ‘விதியின் முரண்நகை, அல்லது குளியல் இனிதாகட்டும்’ ஓடும். எல்தார் ரியாசானவ் இயக்கி, 1976 ஜனவரி 1 அன்று முதன்முதலில் ஒளிபரப்பான மூன்று மணி நேரப் படம். பார்ப்பவர்கள் எல்லாம் லுகாஷினுக்காகவும் நாதியாவுக்காகவும் உருகுகிறார்கள். எனக்கோ நாதியாவை மணக்கவிருந்த இப்போலித்தை நினைத்துத்தான் வருத்தம்.

மாஸ்கோ மருத்துவர் லுகாஷின் புத்தாண்டுக்கு முன் நண்பர்களோடு நீராவிக் குளியலுக்குப் போய்க் குடித்து மயங்குகிறார். போகவேண்டியவனை விட்டுவிட்டு இவரை லெனின்கிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) விமானத்தில் ஏற்றிவிடுகிறார்கள். இறங்கியதும் டாக்சியில் தன் முகவரியைச் சொல்கிறார்: கட்டுநர்கள் மூன்றாம் தெரு, 25, வீடு 12. அங்கேயும் அப்படி ஒரு தெரு இருக்கிறது! அதே மாடிக் கட்டடம், அதே கதவு. சாவியும் திறந்துவிடுகிறது. ஆனால் அது நாதியாவின் வீடு.

தொடக்கத்தில் ஒரு சிறு கேலிச்சித்திரம் வரும். கட்டடக் கலைஞர் ஆசையாக வரைந்த வீட்டிலிருந்து அதிகாரிகள் ஒவ்வொரு அழகாக வெட்ட, கடைசியில் வெறும் பெட்டிதான் மிஞ்சும். அந்த ‘லெனின்கிராத்’ கட்டடமும் மாஸ்கோவில்தான் படமாக்கப்பட்டது என்பதை அறிந்தபோது சிரித்துவிட்டேன். கேலிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நாதியாவாக நடித்த பார்பரா பிரில்ஸ்கா போலந்துக்காரர். பேசிய குரல் வலந்தீனா தலீசினாவுடையது. அவரே படத்தில் நாதியாவின் தோழியாகவும் வருகிறார். பாடியது அல்லா புகச்சோவா. ஒரு நாதியாவுக்கு மூன்று பெண்கள்! பாடல்களில் ரஷ்யக் கவிஞர்கள் பஸ்தெர்னாக், த்ஸ்வெதாயெவா ஆகியோரின் கவிதைகள். தொலைக்காட்சி நகைச்சுவைக்கு இப்படி ஒரு வாய்ப்பு.

சரி, இப்போலித். மணக்கப்போகிறவளுக்குப் பிரெஞ்சு வாசனைத் தைலம் வாங்கி வருகிறார். வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஒருவன், போதை தெளியாமல். இதே மாதிரி இன்னொரு வீடு மாஸ்கோவில் இருக்கிறதாம், சாவி பொருந்திவிட்டதாம். நம்புவீர்களா? நான் நம்பமாட்டேன். அவரைச் சந்தேகப் பேய் என்பது அநியாயம்.

பிறகு அவரே குடித்துவிட்டு வந்து, நாதியா செய்த மீனைத் திட்டி (பாவம், மீன் என்ன செய்யும்?), கோட்டும் தொப்பியுமாகக் ஷவருக்கடியில் நிற்கிறார். பெரிய, நல்ல முட்டாள்தனங்களைச் செய்வதையே நாம் விட்டுவிட்டோம் என்கிறார். காதலியின் ஜன்னலில் ஏறுவதைக்கூட நிறுத்திவிட்டோமாம். இப்போலித்தாக நடித்த யூரி யாகவ்லெவ் அதைச் சொல்லும்போது, மூன்று மணி நேரமும் இந்த மனிதருக்காகவே எடுத்ததுபோல் இருக்கிறது.

அப்படியே நனைந்த கோட்டோடு பனிக்குள் போய்விடுகிறார். மிச்சமுள்ள காதல் காட்சிகளை அரைமனதோடுதான் பார்க்கிறேன். யாராவது ஒருவர் அவருக்கு ஒரு துவாலை கொடுத்திருக்கலாம்.