பழைய வண்டிக்குப் புது முகம் வைக்கலாம், ஹெட்லைட்டில் விளையாட வேண்டாம்

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம் என்று வளைந்து வளைந்து போகும் அந்தச் சாலையின் பெரும்பகுதியில் நடுத்தடுப்பு கிடையாது என்பதால், எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் நேராக நம் கண்ணில்தான் விழுகிறது. கண்ணைக் கூசவைத்துக் கடந்து போன வண்டியைக் கவனித்தால், பல சமயம் அது பத்துப் பதினைந்து வருடப் பழைய காராக இருக்கும். ஹெட்லைட்டுக்குள் ஒரு எல்இடி பல்பு மட்டும் புதிதாக ஏறியிருக்கும். பழைய கார்களுக்குப் புதிய மாடலின் பம்பர், கிரில், விளக்குகளை மாட்டுகிற ஆசை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெருகிவருவதால் என் கருத்தைப் பதிவு செய்கிறேன். வண்டியின் தோற்றத்தை அவரவர் விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஹெட்லைட்டை அந்த அலங்காரக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

தோற்ற மாற்றத்துக்கு நான் எதிரியல்ல. என்னிடம் இருப்பதே 2008 இன்னோவாதான். 2005-இல் வந்த அந்த வண்டியின் முகம் 2012-இல் நன்றாகவே மாறியது. 2016-இல் அடுத்த தலைமுறை இன்னோவாவான கிரிஸ்டா வந்த பிறகு பழைய இன்னோவா வைத்திருக்கும் பலர், அதைப் பழைய இன்னோவாவின் கடைசி முகமான ‘டைப் 4’ ஆக்கியாவது ஆறுதல் தேடுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. பம்பரை மட்டும் ஓரிடத்தில், கிரில்லை வேறிடத்தில் என்று துண்டு துண்டாக வாங்காமல், ஒரே வண்டியிலிருந்து இறக்கிய முழு செட்டாக, பிராக்கெட்டும் கிளிப்பும் சேர்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் அப்படிக் கிடைக்கும். விலை மலிவு என்று போலி பம்பரை வாங்கினால், சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டரோடு சேரும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி விழும், மெக்கானிக் அதை ஸ்குரூ போட்டு இழுத்துப் பிடிப்பார், ஆறு மாதத்தில் அது தொங்கும். பெயிண்ட் விஷயமும் உண்டு. குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக் காற்றும் வெயிலும் பட்டு வெளிறிய உடம்பில், கம்பெனி நிறக் குறியீட்டின்படியே அடித்த பம்பர், பழைய வேட்டியில் புதுத் துணி ஒட்டியதுபோலத் தனித்துத் தெரியும். பக்கத்து ஃபெண்டரையும் சேர்த்து அடிக்கச் சொல்ல வேண்டும்.

விளக்குக்கு வருவோம். நம் ஊர்ப் பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது எச்4 ஆலஜன் பல்பு; ஹை பீமுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட் என இரண்டு இழைகள் கொண்டது. டிம் இழைக்குக் கீழே ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருக்கிறது. வெளிச்சம் கீழ்ப்பக்கம் போகாமல் அது தடுப்பதால், ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டுமே வெளிச்சத்தை வாங்கிச் சாலையை நோக்கித் தாழ்த்தி அனுப்புகிறது. அந்த ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டது. அங்கே எல்இடி பல்பைச் செருகினால், ஒளி புறப்படும் இடமும் பரப்பும் மாறிவிடுகின்றன. தாழ்ந்து விழ வேண்டிய ஒளி மேலே சிதறி எதிரே வருகிறவரின் கண்ணைத் தாக்குகிறது. ஓட்டுகிறவருக்குத் தன் வண்டிக்கு முன்னால் பத்தடி தூரம் பளிச்சென்று தெரிவதால், வெளிச்சம் கூடிவிட்டதாக ஒரு திருப்தி வருகிறது. தூரத்தில் ஓரமாக நடந்து போகிறவர் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறாரா என்று அவர் பார்ப்பதில்லை. மேலும், அந்தப் பல்பின் பின்னால் இருக்கும் விசிறி இடிப்பதால் ஹெட்லைட்டின் ரப்பர் மூடியைத் திரும்ப மாட்ட முடியாமல் பலர் திறந்தே விட்டுவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற இந்த மாவட்டத்தில், அந்த ஓட்டை வழியாக ஈரம் புகுந்து ரிஃப்ளெக்டரின் பளபளப்பையே தின்றுவிடுகிறது.

பழைய வண்டியில் வெளிச்சம் குறைவு என்ற குறை உண்மைதான், ஆனால் பல வண்டிகளில் அதற்குப் பல்பு காரணமல்ல. என் வண்டியைத் தக்கலையில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டியபோது, அவர் மீட்டரை முதலில் பேட்டரியிலும் பிறகு பல்பு ஹோல்டரிலும் வைத்துப் பார்த்தார். பேட்டரியில் 13.8 வோல்ட், ஹோல்டரில் 12.4. “அண்ணே, பல்பு நல்லாத்தான் இருக்கு, கரண்டுதான் வழியில செத்துப்போவுது” என்றார். எர்த் வயர் உடம்போடு சேரும் இடத்தில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. ஆலஜன் பல்புக்குப் போகும் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால், வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். எர்த்தைச் சுரண்டிப் புதிதாக முறுக்கி, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தடித்த வயர் இழுத்து ரிலே என்ற மின்சுவிட்ச் வழியாகப் பல்புக்குக் கொடுத்தார். மஞ்சளித்துப் போயிருந்த லென்ஸை வாட்டர் பேப்பரால் தேய்த்து, வெயிலைத் தாங்கும் கிளியர் கோட் அடித்தார். அந்தக் கோட்டை அடிக்காமல் வெறும் பாலிஷ் போட்டு அனுப்புகிற கடைகளில், சில மாதங்களில் மஞ்சள் திரும்பிவிடும். 100 வாட் பல்பு போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பழைய வயரிங்கில் அதைப் போட்டால் ஹோல்டர் உருகும், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகும் எல்இடிதான் வேண்டும் என்றால், எல்இடிக்கென்றே வடிவமைத்த முழு ஹெட்லைட்டையோ, லென்ஸ் வழியாக ஒளியைக் குவித்து அனுப்பும் தரமான புரொஜெக்டரையோ வைப்பதுதான் நேர்மையான வழி. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம் என்பதால், டிம் ஒளியின் மேல்விளிம்பு இடது ஓரத்தில் சற்று உயர்ந்திருக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த விளக்கு இங்கே வந்தால், அந்த உயர்வு வலப்பக்கம் போய் எதிரே வருகிறவரின் முகத்தில் நிற்கும். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். மாட்டிய பிறகு, டயரில் காற்றுச் சரியாக அடித்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்த வேண்டும். டிம் ஒளியின் மேல்விளிம்பு பல்பின் உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழும்படி ஹெட்லைட்டின் பின்புற ஸ்குரூவைத் திருப்ப வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்து விளக்கு வாங்குகிறவர், இந்தக் கால் மணி நேர வேலையைக் கேட்டு வாங்காமல் கிளம்பிவிடுவதுதான் எனக்குப் புரியவே இல்லை.

இண்டிகேட்டரை எல்இடியாக்கினால் அது படபடவென்று வேகமாகத் துடிக்கும். இழுக்கும் கரண்டு குறைந்ததால், பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டதாக, இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய ஃபிளாஷர் எண்ணிக்கொள்கிறது. ஃபிளாஷரை மாற்றினால் போதும். கரண்டைக் கூட்டி இழுப்பதற்காகச் சிலர் மாட்டுகிற, சூடாகிற ரெசிஸ்டரைப் பிளாஸ்டிக் ஓரமாகக் கட்டித் தொங்கவிட வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அடிக்கடி போகிற நமக்கு, எல்லை தாண்டினால் கேரளத்தின் கண்டிப்பும் சேர்ந்துகொள்ளும். பதினைந்து வருடம் முடிந்த காரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், கழற்றிய பழைய ஹெட்லைட்டை ஆக்கர் கடைக்கு (பழைய இரும்புக் கடை) போட்டுவிடாமல் துணியில் சுற்றிப் பரணில் வைத்துக்கொள்ளுங்கள்.