வீக்கம் வடிந்தது சரி, எதனால் வடிந்தது?
முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு போடும் சீன மூலிகைப் பற்று பற்றிய இந்தக் கட்டுரையைப் படித்தேன். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் படங்களை வைத்துச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வீக்கத்தை அளந்து சொல்வதால், பற்றுதான் வீக்கத்தை வடிய வைத்தது என்பது நிரூபணமாகிவிட்டதாகக் கட்டுரை சொல்வதுதான் இடிக்கிறது. மென்பொருள் அளப்பது வீக்கம் எவ்வளவு என்பதை. எதனால் குறைந்தது என்பதை அல்ல. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் வீக்கம் பற்று போடாவிட்டாலும் பெரும்பாலும் நாளாக ஆக வடியத்தான் செய்யும். மேலே கருத்து எழுதிய ஒருவர் கணினிக்குப் பாரபட்சம் கிடையாது என்கிறார். இருக்கட்டும், ஸ்கேன் கருவியைப் பிடிப்பது மனிதக் கைதானே? நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன். முழங்காலில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே மூட்டு நீர் ஒதுங்கிவிடும். பவர் டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன் முறை) தெரிய வேண்டிய மெல்லிய ரத்த ஓட்டமும் மறைந்துவிடும். முதல் நாள் முழங்காலை 30 டிகிரி மடக்கி எடுத்துவிட்டு, அடுத்த வாரம் நேராக நீட்டி எடுத்தால் மருந்தே இல்லாமல் ‘முன்னேற்றம்’ காட்டலாம். படம் வந்த பிறகு எந்த மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது. போதாக்குறைக்கு, படத்தை மெருகேற்றும்போது இரைச்சலோடு (படத்தில் விழும் தேவையற்ற புள்ளிகள்) சேர்த்து மெல்லிய நீர்க்கோடும் அழிந்துபோக வாய்ப்பு உண்டு. பற்று பலிக்காது என்று நான் சொல்லவில்லை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அதே நிறமும் வாசனையும் உள்ள போலிப் பற்று போட்டு, யாருக்கு எது என்று தெரியாதவர் ஸ்கேன் எடுக்க வேண்டும். அப்படிச் செய்தார்களா என்றுதான் கட்டுரை முழுக்கத் தேடினேன், காணோம்.