இரண்டு பக்கப் பாட்டுக்கு எத்தனையாவது கிரேடு?

வேலூரில் கீபோர்டு வகுப்பு எடுப்பவர்களுக்குத் தெரியும். சத்துவாச்சாரியோ காட்பாடியோ, பெற்றோர் முதலில் கேட்பது, "இது எத்தனையாவது கிரேடு சார்?" கிரேடு என்றால் இசைத் தேர்வின் படி.

பத்தாவது படிக்கும் பெண்ணுக்கு இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் 'ஃபியூர் அலீனா' என்ற பியானோ பாட்டைக் கொடுத்தேன். அவள் அப்பா தாளைப் புரட்டிவிட்டு, "இன்னா சார், ரெண்டே பக்கம்தானா? ஸ்பீடா ஒண்ணும் இல்லையே" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. விரல் பறந்தால்தான் நம்மூரில் வித்தை, ஆண்டுவிழாவில் கைதட்டும் அதற்குத்தான்.

என் கட்சி வேறு. ஓரளவு வாசிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் இதைத் தொடாமல் அடுத்த கிரேடுக்குப் போகக் கூடாது.

பேர்ட் 1935-ல் எஸ்டோனியாவில் பிறந்தவர். சின்ன வயதில் வீட்டுப் பியானோவின் நடுக்கட்டைகள் பழுது என்பதால் இரண்டு ஓரங்களையும் தட்டி விளையாடியவர். வானொலியில் ஒலிப்பதிவு வேலை பார்த்தார், படங்களுக்கும் இசையமைத்தார் (சினிமா இசை என்றாலே முகம் சுளிக்கும் சபாக்காரர்கள் கவனிக்க). 1968-ல் 'கிரெடோ' என்ற படைப்பில் கிறிஸ்துவின் மேலுள்ள விசுவாசத்தை வெளிப்படையாக வைத்தார். எஸ்டோனியா அப்போது சோவியத் ஆட்சியில். அதிகாரிகள் விடுவார்களா? அதற்கப்புறம் எட்டு வருடம், 1971-ல் வந்த மூன்றாவது சிம்பொனியைத் தவிர, பெரிதாக எதுவும் எழுதவில்லை. பழைய தேவாலயப் பாடல்களை வைத்துக்கொண்டு அரிச்சுவடியிலிருந்து படித்தார். பெயர் வாங்கிய ஆள், முப்பத்து மூன்று வயதில்! நம்மூரில் என்றால் 'சரக்கு தீர்ந்துபோச்சு' என்று முடித்திருப்போம்.

1976-ல் வந்தது அலீனா. குடும்ப நண்பர் ஒருவரின் மகள் இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். பாட்டு அவள் பெயரில், ஆறுதல் அவளைப் பிரிந்து தவித்த தாய்க்கு. பிள்ளையை நர்ஸ் வேலைக்கு வெளிநாடு அனுப்பிவிட்டு வீடியோ காலுக்குக் காத்திருக்கும் அம்மாக்கள் உள்ள ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொடக்கத்தில் கீழ்க்கட்டையில் 'பி' சுரம் விழுகிறது, பெடலை (ஒலியை நீளவைக்கும் மிதிகட்டை) விடாமல் மிதித்திருக்க வேண்டும். வலது கை பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் நடக்கும். இடது கை ஒவ்வொன்றுக்கும் பி மைனர் கார்டிலிருந்து (சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரங்களின் கூட்டு) ஒரு சுரம் கொடுக்கும். தம்பூரா முன்னால் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது அந்நியமாகவே இருக்காது. தாளக்குறி கிடையாது. சுரங்கள் ஒவ்வொன்றாகக் கூடி, அப்படியே குறையும். ஒரே ஓர் இடத்தில் இடது கை கார்டை விட்டு வெளியே ஒரு சுரத்தைத் தொடுகிறது. அந்த இடத்தில் தாளில் ஒரு பூ வரைந்திருக்கிறது.

சுலபம் என்று நினைத்து உட்கார்ந்த பெண் நீளச் சுரம் ஒவ்வொன்றிலும் அவசரப்பட்டாள். ஒலி தேயும்வரை கை சும்மா இருக்க மறுக்கிறது. எட்டாவது கிரேடு முடித்தவர்களையும் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறேன், அதே கதைதான். சின்ன கீபோர்டில் ஒலி சட்டென்று செத்துவிடும், எனவே பெடல் ஒன்று வாங்கிவிடுங்கள். சர்ச்சில் பியானோ இருந்தால் ஆயரிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த ஆண்டுவிழாவில் அவளை இதையே வாசிக்க வைக்கப் போகிறேன். அவள் அப்பாவும் சரி என்றுவிட்டார், அரைமனதாக. மண்டபக்காரரிடம் அந்த நேரம் மட்டும் ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்ல வேண்டும், அதுதான் பெரும்பாடு.