இன்டர்வியூவுக்கு நம்மாளுதான் வேணுமா?

நவம்பர் பொறந்தா போதும், எங்க நியூஜெர்சி தமிழ் பேரன்ட்ஸ் வாட்ஸப் குரூப்ல ஒரே கேள்வி. "அலம்னை இன்டர்வியூவுக்கு நம்மாளு யாராச்சும் கெடைப்பாங்களா, கேட்டு மாத்திக்கலாமா?" அமெரிக்க காலேஜுக்கு அப்ளை பண்ற புள்ளைய அந்தக் காலேஜோட பழைய மாணவர் ஒருத்தர் பாத்துப் பேசி ரிப்போர்ட் எழுதறதுதான் இந்த அலம்னை இன்டர்வியூ.

முடியாதுங்க. ஹார்வர்டோ யேலோ எம்ஐடியோ, உங்க புள்ளைய யார் பாக்கணும்ங்கறத அவங்கதான் முடிவு பண்றாங்க, பெரும்பாலும் அந்த ஏரியால வாலன்டியரா இருக்கற பழைய மாணவர் யாருக்காவது போகும். சொந்தக்காரங்க, குடும்ப நண்பர்னா அவங்களே ஒதுங்கிக்கணும்.

சரி, மாத்தலாம்னே வச்சுக்குவோம். நம்மாளு வந்தா நல்லதுன்னு யார் சொன்னா? எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணுக்கு வந்தவர் நம்மூர்க்காரர்தான். ஸூம்ல உக்காந்துக்கிட்டு எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மார்க் எவ்ளோ, அப்பா எந்த கம்பெனி, வேற எங்கெல்லாம் அப்ளை பண்ணிருக்கன்னு ஒரே விசாரணை, பொண்ணு பாக்க வந்த பெரியப்பா மாதிரி. மார்க் அட்மிஷன் ஆபீஸ்ல இருக்கு சார், அது உங்களுக்கு எதுக்கு? பல காலேஜ்ல இன்டர்வியூ பண்றவங்களுக்கு மார்க்ஷீட், கட்டுரை எதையும் காட்டறதே இல்ல, ஆளைப் பாத்து தோணறத எழுதட்டும்னுதான்.

அதே சீசன்ல எங்க எதிர்வீட்டுப் பையனை டவுன் லைப்ரரில பாத்தவர் ரிட்டயர் ஆன ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. பையனுக்கு பழைய சைக்கிள் வாங்கி ரிப்பேர் பண்ற பைத்தியம். துருப்புடிச்ச செயினை எப்படி கழட்டுவ, ஃப்ரீவீல் ஏன் டிக்டிக்னு சத்தம் போடுது, உள்ள என்ன இருக்குன்னு அவர் கேக்க, இவன் பேப்பர் வாங்கி படம் வரைய, முக்கால்வாசி நேரம் அதுலயே போச்சாம். அந்தத் தாத்தாவுக்கு ரிப்போர்ட் எழுத எவ்ளோ மேட்டர் கெடைச்சிருக்கும்!

"வெள்ளைக்காரங்க நம்ம புள்ளைங்களுக்கு மார்க் கம்மியாதான் போடுவாங்க"ன்னு ஒரு பயம் இருக்கு, தெரியும். அதுக்கு வரலாறும் இருக்கு. 1922ல ஹார்வர்டு முதல் வருஷ மாணவர்கள்ல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல யூதப் பசங்க, அதைக் குறைக்கணும்னு அப்போதைய தலைவர் லோவெல் நேரடியா கோட்டா கேட்டுப் பாத்தார், எதிர்ப்பு வந்துச்சு. அப்புறம்தான் மார்க் மட்டும் போதாது, குணம் பாக்கணும், போட்டோ வேணும்னு ஆரம்பிச்சாங்க. அந்த "குணம்" மார்க்தான் வேற ரூபத்துல இன்னிக்கும் ஓடுது.

ஆனா 2018ல பாஸ்டன் கோர்ட்ல, ஏசியன் பசங்களுக்கு அட்மிஷன்ல பாகுபாடு காட்றாங்கன்னு ஹார்வர்டு மேல போட்ட கேஸ் விசாரணைக்கு வந்தப்ப வெளிய வந்த டேட்டாவ நம்மாளுங்க யாரும் கவனிச்ச மாதிரி தெரியல. ஏசியன் பசங்களுக்கு பர்சனல் ரேட்டிங், அதாவது குணத்துக்கான மார்க், கம்மியா போட்டது அட்மிஷன் ஆபீஸ். நேர்ல உக்காந்து பேசின அலம்னை போட்ட பர்சனல் ரேட்டிங்ல ஏசியன் பசங்களும் வெள்ளைக்காரப் பசங்களும் ஏறக்குறைய சமம். டீச்சர், கவுன்சலர் லெட்டரெல்லாம் பாத்துதான் நாங்க ரேட்டிங் போடறோம்னு ஹார்வர்டு சொல்லுச்சு, 2019ல ஜட்ஜும் வேணும்னே பாகுபாடு பண்ணல்லன்னு தீர்ப்பு குடுத்தாங்க, 2023ல சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பையே கவுத்துருச்சு. அந்த சண்டைய விடுங்க. என் பாயின்ட் ஒண்ணுதான், நாம பயந்து மாத்தத் துடிக்கற அந்த ஆளு நம்ம புள்ளைக்கு எதிரா இல்ல. பயப்படணும்னா மூஞ்சியே பாக்காம ஃபைல் படிக்கறவங்களப் பாத்துதான் பயப்படணும். கொலம்பியா யுனிவர்சிட்டி 2023ல அலம்னை இன்டர்வியூவையே நிறுத்திட்டாங்க, பிரவுன் யுனிவர்சிட்டில அதுக்கு பதிலா வீடியோ அனுப்பச் சொல்றாங்க. அதுக்கு நம்ம குரூப்ல ஒரு மெசேஜ் கூட வரல, ஆனா இன்டர்வியூவர் பேரைப் பாத்து என்ன ஜாதி மதம்னு கூகுள் பண்றதுக்கு மட்டும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஆள் இருக்கு.

கொஞ்சமாவது சாய்ஸ் வேணும்னா கார்லடன், வெஸ்லியன் மாதிரி சின்ன காலேஜ்களப் பாருங்க, அங்க படிக்கற சீனியர் பசங்களே இன்டர்வியூ பண்றாங்க. என்னைக் கேட்டா அதுதான் பெஸ்ட். மெஸ் சாப்பாட்டுல இருந்து ப்ரொஃபசர் வரைக்கும் புள்ளைங்க திருப்பி கேள்வி கேக்கலாம், பதிலும் நேத்து நடந்த கதையா வரும். முப்பது வருஷம் முன்னாடி படிச்ச அங்கிள் கிட்ட அது கெடைக்காது.

இன்னொண்ணு, இந்த வாலன்டியர்ஸ் பல பேர் சொந்த ஜிமெயில்ல இருந்துதான் மெயில் போடுவாங்க. புள்ளைங்கள ஸ்பாம் ஃபோல்டரையும் பாக்கச் சொல்லுங்க.